பேராசிரியர் உசோப்பும் ஒரு 'டான்' என்ற சொல்லும்

போர்னியோ என்று தமிழில் தேடினால் பெரும்பாலும் ரெண்டு விஷயம்தான் கிடைக்கும். ஒன்று கிழக்குக் கலிமந்தானில் கிடைத்த மூலவர்மனின் யூபக் கல்வெட்டுகள். பல்லவ எழுத்து என்பதால் நமக்கு அதில் ஒரு சொந்தம். இன்னொன்று 'அங்கே காட்டுக்குள் இருக்கிற டயாக் மக்கள் இந்துக்கள் தெரியுமா' என்கிற ரக ஃபார்வர்டு. ரெண்டாவதில் ஒரு பாதி விட்டுப்போயிருக்கிறது. மத்திய கலிமந்தானின் டயாக் மக்களில் ஒரு பகுதியினருடைய பழைய சமயத்தின் பெயர் காஹரிங்கான். இந்தோனேசிய அரசு சில மதங்களை மட்டுமே மதம் என்று ஒப்புக்கொள்ளும். பட்டியலில் இல்லாவிட்டால் அடையாள அட்டையில் சிக்கல், பள்ளிக்கூடத்தில் சிக்கல், 'கடவுள் இல்லாதவன்' என்றால் சுஹார்தோ காலத்தில் உயிருக்கே சிக்கல். அதனால் 1980-இல் காஹரிங்கான் 'இந்து காஹரிங்கான்' ஆனது. அது ஆவணத்துக்காக எடுத்த முடிவு. நம்ம ஊர்க்காரர்கள் பெருமைப்பட அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. அந்த மாகாணத்தில் 'நான் யார்' என்கிற கேள்வி எப்போதுமே 'எந்தக் கட்டத்தில் டிக் போடுவது' என்கிற கேள்வியோடு ஒட்டிக்கொண்டேதான் வந்திருக்கிறது. இந்தக் கேள்வியைக் கையில் எடுத்து, அதற்குப் பதில் எழுதி, அந்தப் பதிலை வைத்து அரசியலும் செய்தவர் பேராசிரியர் கே.எம்.ஏ. எம். உசோப். பலங்கா ராயா பல்கலைக்கழகத்தின் முன்னாள் ரெக்டர் (நம்ம ஊர்த் துணைவேந்தர் மாதிரி), டயாக் அமைப்பொன்றின் தலைவர், 2000-இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர், 2001 சம்பிட் படுகொலைகளுக்குப் பிறகு சந்தேகத்தின் பேரில் போலீஸ் பிடித்து விசாரித்த ஆள். ஒரே மனிதர்தான்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ரெண்டு கட்சி. ஒரு பக்கம், ஜகார்த்தா நசுக்கிய ஒரு மக்களுக்குக் குரல் கொடுத்த அறிஞர். இன்னொரு பக்கம், பதவிக்காக இனவெறியைத் தூண்டிய பேராசிரியர். ரெண்டு பக்கத்தையும் கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ரெண்டுமே அவருடைய மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு பேசுகின்றன. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. எழுத்து வேலை செய்கிற ஒருவரை அவர் எழுத்தை வைத்துத்தான் முதலில் எடைபோட வேண்டும். அதுவும் தலைப்பிலிருந்தே தொடங்கலாம்.

அவருடைய முக்கியப் புத்தகம் 'பகாட் டயாக்'. தொண்ணூறுகளில் வந்தது. துணைத் தலைப்பைத் தமிழில் சொன்னால்: 'மத்திய கலிமந்தானின் டயாக் மக்களும் பிராந்தியமும்: ஒருங்கிணைப்பின், தன்னடையாளத்தின் வரலாறு'. அவர் தலைமை தாங்கிய அமைப்பின் பெயர் எல்.எம்.எம்.டி.டி.-கே.டி. விரித்தால் 'மத்திய கலிமந்தான் டயாக் மக்கள் மற்றும் பிராந்தியக் கலந்தாய்வு அமைப்பு'. அசல் பெயரில் 'மஷாரகாட் டயாக் டான் டயேரா' என்று வரும். மக்கள், பிராந்தியம், நடுவில் 'டான்'. இந்தோனேசிய மொழியில் 'டான்' என்றால் 'மற்றும்'.

புத்தகத்திலும் அதே இணைப்பு, அமைப்பிலும் அதே இணைப்பு. டயாக் மக்கள் என்பதும் மத்திய கலிமந்தான் என்கிற நிலப்பகுதியும் ஒரே பேச்சில் சொல்லக்கூடிய ஒரே விஷயம் என்பதுதான் அந்த 'டான்' செய்கிற வேலை. அந்த நிலப்பகுதியில் பஞ்சார்காரர்கள் இருந்தார்கள், ஜாவாக்காரர்கள் இருந்தார்கள், மதுரா தீவிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள் (நம்ம மதுரை இல்லீங்க, ஜாவாவுக்குப் பக்கத்தில், சுரபாயாவுக்கு எதிரே இருக்கிற வறண்ட தீவு). அவர்களெல்லாம் இந்த 'டான்'-இன் எந்தப் பக்கம்? பெயர் பதில் சொல்லவில்லை.

ஆனால் இந்த 'டான்' ஏன் வந்தது என்று பார்க்காமல் அவரைத் திட்டினால் அது நியாயமில்லை. கொஞ்சம் பின்னால் போவோம்.

'டயாக்' என்பதே வெளியாட்கள் வைத்த பொதுப்பெயர். உள்ளே பார்த்தால் ங்காஜு, ஒட் டானும், மஅன்யான், லவாங்கான், பகும்பாய் என்று ஆற்றுக்கு ஆறு வேறு மக்கள், வேறு மொழி. ஒருத்தரை ஒருத்தர் தலைவெட்டிக்கொண்டிருந்த காலமும் உண்டு. 1894-இல் காஹயான் ஆற்றின் மேல்பகுதியில் தும்பாங் அனோய் என்கிற ஊரில் டச்சுக்காரர்கள் ஏற்பாட்டில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. ஊர்த் தலைவர் டாமாங் பாட்டு விருந்தளித்தார். தலைவேட்டையும் பழிக்குப்பழியும் அடிமைமுறையும் இனி வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். இன்றைய டயாக் தேசியப் பேச்சு எல்லாமே இந்தக் கூட்டத்திலிருந்துதான் தன் கதையைத் தொடங்குகிறது. காலனிய அரசு தன் நிர்வாக வசதிக்குக் கூட்டிய கூட்டம், பிற்பாடு ஒரு இனத்தின் பிறந்தநாளாக மாறியது. வரலாற்றில் இப்படி நிறைய நடக்கும்.

அதற்குப் பிறகு ஹவுஸ்மான் பாபு. கிறிஸ்தவ மிஷன் பள்ளிகள் உருவாக்கிய முதல் தலைமுறைப் படிப்பாளி. 1919-இல் சரேகாட் டயாக், 1926-இல் அது பகாட் டயாக் ஆனது. 'பகாட்' என்றால் உடன்பாடு, ஒற்றுமை. உசோப் தன் புத்தகத்துக்கு வைத்த பெயர் இங்கிருந்துதான் வருகிறது. பாபுவை 1943-இல் ஜப்பானியர்கள் கொன்றார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு பஞ்சார்மாசினைத் தலைநகராகக் கொண்டு ஒரே கலிமந்தான் மாகாணம். உள்நாட்டு டயாக் மக்களுக்கு அது பிடிக்கவில்லை. கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஐம்பதுகளின் நடுவில் கிறிஸ்டியான் சிம்பார் என்பவர் தலைமையில் ஒரு ஆயுதக் குழு கிளம்பியது. 1957 மே 23-இல் மத்திய கலிமந்தான் தனி மாகாணம் ஆனது. அதே ஆண்டு ஜூலை 17-இல் சுகார்ணோ வந்து காட்டுக்கு நடுவில் பலங்கா ராயாவுக்கு அடிக்கல் நாட்டினார். சிலிக் ரிவுட் என்கிற டயாக் தலைவர் 1958-இல் ஆளுநரானார். அவரும் புத்தகம் எழுதியவர்.

இதில் ரெண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, இந்த மாகாணம் டயாக் மக்களுக்காகவே பிறந்தது என்கிற எண்ணத்துக்கு வெறும் பெருமிதத்தைத் தாண்டி ஆதாரம் உண்டு. உசோப்பின் 'டான்' ஆகாயத்திலிருந்து விழவில்லை. இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது: கேட்டபோது கிடைக்காதது ஆயுதம் எடுத்தபிறகு கிடைத்தது. அடுத்த தலைமுறை இதை மறந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் சுஹார்தோ. 1967 வனச்சட்டம் காட்டைக் கம்பெனிகளுக்குப் பட்டா போட்டது. 1979 கிராமச் சட்டம் நாடு முழுக்க ஜாவா மாதிரியில் ஒரே வகைக் கிராமம் என்று ஆக்கி, மரபுத் தலைமையை ஓரங்கட்டியது. தொண்ணூறுகளில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்குகிறேன் என்று ஒரு திட்டம். கால்வாய் வெட்டினார்கள், சதுப்பு காய்ந்தது, 1997-இல் பற்றி எரிந்தது, 1999-இல் திட்டத்தையே மூடினார்கள். நெல் விளையவில்லை. ஆளுநர் நாற்காலியும் போனது. 1983-இல் டபிள்யூ.ஏ. காரா பதவி முடித்த பிறகு கட்டோட் அம்ரி, சுபர்மந்தோ, வர்சித்தோ ரஸ்மான் என்று வரிசையாக வெளியிலிருந்து வந்தவர்கள். டயாக் மக்களுக்காகப் பிறந்த மாகாணத்தில் டயாக் ஆளுநர் இல்லை.

உசோப்பின் அமைப்பு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த இடத்தில்தான் உருவாகிறது. வெளியாளை ஆளுநராக நியமிப்பதை எதிர்த்து. சுஹார்தோ உச்சத்தில் இருந்த காலம் அது. ஒரு பேராசிரியர், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர், அப்படி வெளியே வருவதற்குத் துணிச்சல் வேண்டும். இதை அவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். அவரைத் தூற்றுகிற கட்டுரைகள் பலவற்றில் இந்தப் பத்தி இருக்காது.

இன்னொன்றும் உண்டு. அவர் முஸ்லிம். மேற்குக் கலிமந்தானில் ஒரு டயாக் முஸ்லிமாக மாறினால் 'மலாய் ஆகிவிட்டான்' என்பார்கள், இனக்கணக்கிலிருந்தே பெயர் போய்விடும். மத்திய கலிமந்தானில் அப்படியில்லை. பகும்பாய் மாதிரி முஸ்லிம் டயாக் மக்கள் உண்டு. கிறிஸ்தவப் படிப்பாளிகள் முன்னால் நின்ற ஒரு இயக்கத்துக்கு ஒரு முஸ்லிம் பேராசிரியர் தலைவராக இருந்தார் என்றால், 'டயாக்' என்பதை அவர் மதத்துக்கு மேலே ஏற்றி வைத்துத்தான் அது நடந்திருக்கிறது. அகலமான மனசுள்ள வரையறை. மதத்தைத் தாண்டும், ஆற்றைத் தாண்டும், மொழியைத் தாண்டும். குடியேறி வந்தவனிடம் மட்டும் வந்து நின்றுவிடும்.

புத்தகத் தலைப்பில் 'ஒருங்கிணைப்பு' என்று ஒரு சொல் வந்ததல்லவா? அது சுஹார்தோ ஆட்சியின் சொல்வளத்திலிருந்து எடுத்தது. 'நாங்கள் பிரிவினைவாதிகள் இல்லை, குடியரசோடு ஒருங்கிணைந்தவர்கள், அதனால் எங்கள் பங்கைக் கொடுங்கள்' என்கிற வாதம். மேலே ஜகார்த்தாவைப் பார்த்துப் பேசும்போது இது புத்திசாலித்தனமான உத்தி. ஆனால் ஜகார்த்தாவின் கண் வழியாகவே எழுதப்பட்ட வரலாற்றில் பக்கத்து வீட்டுக்காரன் எங்கே வருவான்? 1930களிலிருந்து மதுராக்காரர்கள் அங்கே வந்து ரோடு போட்டிருக்கிறார்கள், மரம் அறுத்திருக்கிறார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறார்கள். எழுபது வருஷம். சம்பிட் நகரமே மரத்தாலும் துறைமுகத்தாலும் வளர்ந்தது. டச்சுக்காரர்களின் ப்ரூய்ன்சீல் மர ஆலை அங்கேதான் இருந்தது. 'பிராந்தியத்தின் வரலாறு' என்றால் மூட்டை தூக்கியவன் வரலாறும் அதில் ஒரு அத்தியாயம்தானே.

2001-க்கு வருவோம்.

1998-இல் சுஹார்தோ போனார். 1999-இல் அதிகாரப் பரவல் சட்டங்கள் வந்தன. 2001 ஜனவரி 1 முதல் அமல். திடீரென்று மாவட்டத் தலைவர் பதவிக்கும் ஆளுநர் பதவிக்கும் உண்மையான மதிப்பு வந்துவிட்டது: மரம், சுரங்கம், வேலை நியமனம் எல்லாம் உள்ளூர்க் கையில். 2000-இல் ஆளுநரை மாகாண சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. உசோப், மேகவதியின் பி.டி.ஐ.-பி. கட்சி சார்பில் நின்றார். அஸ்மாவி அகானியிடம் தோற்றார். பணம் விளையாடியது என்று அவர் தரப்பு சொன்னது. ஆதரவாளர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

டிசம்பர் 2000-இல் கெரெங் பங்கி என்கிற தங்கச்சுரங்க ஊரில் ஒரு சண்டையில் ஒரு டயாக் கொல்லப்பட்டார். 2001 பிப்ரவரி 18 அதிகாலையில் சம்பிட்டில் ஒரு மதுரா குடும்பத்தின் வீடு தாக்கப்பட்டது, உயிர்கள் போயின. பதிலுக்கு மதுராக்காரர்கள் திரண்டார்கள், டயாக் வீடுகள் எரிந்தன, அங்கேயும் உயிர்கள் போயின. ரெண்டு நாள் நகரம் மதுராக்காரர்கள் கையில் இருந்தது. 'சம்பிட் இரண்டாவது சம்பாங்' என்று பேனர் வைத்ததாகப் பேச்சு (சம்பாங் மதுரா தீவில் இருக்கிற ஊர்). இருபதாம் தேதி வாக்கில் உள்நாட்டிலிருந்து டயாக் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. குறைந்தது 500 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மதுராக்காரர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறி ஓடினார்கள். பரெங்கியான் என்கிற இடத்தில், வெளியேற்றுவதற்காகக் கூட்டிச் சேர்த்திருந்த 118 பேர், பாதுகாப்புக்கு வந்த போலீஸ் ஓடிவிட, கொல்லப்பட்டார்கள். சம்பிட் துறைமுகத்தில் போலீஸும் ராணுவமும் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொண்ட கூத்தும் நடந்தது. அகதிகளைக் காப்பாற்ற அனுப்பிய படைகள்!

மேலைநாட்டுப் பத்திரிகைகள் வெட்டிய தலைகளைப் படம் போட்டு, 'தலைவேட்டைக்காரர்கள் திரும்பினார்கள்' என்று எழுதின. சோம்பேறித்தனமான எழுத்து. நூறு வருஷம் முன்னால் விட்ட பழக்கம் சும்மா ரத்தத்திலிருந்து எழுந்து வராது. ஒரு வரலாற்றை ஒருத்தர் மறுபடி மறுபடி சொல்லி உயிரோடு வைத்திருந்தால்தான் அது கைக்கு வரும்.

கொஞ்ச நாளில் உசோப்பின் அமைப்பு ஒரு புத்தகம் வெளியிட்டது. 'சம்பிட் இன மோதல்' என்று தலைப்பு. அதன்கீழே: காலவரிசை, உடன்பாடுகள், மக்கள் விருப்பங்கள், பகுப்பாய்வு, பரிந்துரைகள். அங்கே அதைச் 'சிவப்புப் புத்தகம்' என்பார்கள்.

இந்தத் துணைத் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. என் பிழைப்பில் இதை வாரம் ஒன்று எழுதுகிறோம். சர்வர் விழுந்தால் இன்சிடென்ட் ரிப்போர்ட். முதலில் டைம்லைன், அப்புறம் அனாலிசிஸ், அப்புறம் ரெக்கமண்டேஷன். எழுதியவர்களுக்குத் தெரியும்: சண்டை அனாலிசிஸ் பகுதியில் நடக்காது. டைம்லைனின் முதல் வரி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதில்தான் நடக்கும். ராத்திரி 2:10-க்கு அலாரம் அடித்ததிலிருந்து தொடங்கினால் தப்பு ஆபரேஷன்ஸ் டீமுடையது. முந்தின நாள் மாலை கோடு ஏற்றியதிலிருந்து தொடங்கினால் டெவலப்பருடையது. ஆறு மாசம் முன்னால் பட்ஜெட்டை வெட்டியதிலிருந்து தொடங்கினால் மேனேஜருடையது. ஒரு வரிகூடப் பொய் எழுத வேண்டாம். முதல் வரியை மட்டும் சரியாக வைத்தால் போதும்.

சிவப்புப் புத்தகத்தின் வாதம், அந்த அமைப்பு அப்போது எல்லோரிடமும் சொன்ன வாதம்தான்: மதுரா தரப்பு நகரைப் பிடிக்கப் பார்த்தது, டயாக் தரப்பு தற்காத்துக்கொண்டது. பிப்ரவரி 18 முதல் 20 வரை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ரெண்டு நாள் மதுராக்காரர்கள் நகரை ஆட்டிவைத்தது உண்மை, டயாக் மக்கள் செத்ததும் உண்மை. ஆனால் பதினெட்டாம் தேதி அதிகாலை, அந்த முதல் வீடு? டைம்லைனை ஒரு சில மணி நேரம் முன்னால் இழுத்தாலே 'முதலில் யார்' என்பது புரண்டுவிடுகிறது. முன்னால் இழுக்காமல் பின்னால் நீட்டினாலும் தாங்காது. இருபதாம் தேதிக்கு மேல் போனால் பரெங்கியான் வரும். வண்டிக்காகக் காத்திருந்த 118 பேரைக் கொன்றதைத் 'தற்காப்பு' என்கிற சொல்லுக்குள் எப்படி அடக்குவது?

போலீஸ் தரப்பு டைம்லைன் வேறு. உள்ளூர் அரசு அதிகாரிகள் ரெண்டு பேர், புது நிர்வாக மாற்றத்தில் நாற்காலி போன கோபத்தில், ஆள் வைத்துக் கலவரத்தைத் தூண்டினார்கள் என்றது போலீஸ். எல்லாக் கலவரத்துக்கும் பின்னால் ரெண்டு வில்லன்களைக் காட்டுவது அரசாங்கங்களுக்கு வசதி. ஊரே ஏன் பின்னால் போனது என்று பதில் சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம், நாற்காலி என்கிற காரணத்தை ஒதுக்கவும் முடியாது. ஃபான் கிளிங்கன் என்கிற ஆய்வாளர் 2007-இல் வெளியிட்ட 'சின்ன ஊர்ப் போர்கள்' பற்றிய புத்தகத்தில் சம்பிட், அம்போன், போசோ எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்கிறார். தொழிற்சாலை இல்லாத, அரசு வேலையும் அரசு கான்ட்ராக்டுமே பொருளாதாரமாக இருக்கிற சின்னத் தலைநகரங்கள். ஆட்சி மாறும்போது அங்கே நடுத்தர வர்க்கத்துக்கு எல்லாமே பணயம். இனம் அங்கே திரட்டுவதற்கு மலிவான கருவி. அவர் வாதம் எனக்கு முக்கால்வாசி ஒப்புதல். மிச்சக் கால்வாசி இதுதான்: கருவி தானாகக் கிடைக்காது, யாராவது செய்து கூர்தீட்டி வைத்திருக்க வேண்டும். உசோப் மாதிரி ஆட்களை 'இன எலீட்' என்கிற வகைக்குள் போட்டு முடித்துவிட்டால், அவர்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்த எழுத்துவேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

2001-இல் போலீஸ் உசோப்பைப் பிடித்தபோது பலங்கா ராயாவில் ஆதரவாளர்கள் திரண்டார்கள், அவர் வெளியே வந்தார். அவர் தூண்டினாரா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை கிடையாது. என் குறை அதற்குப் பிந்தையது. ரத்தம் காய்வதற்குள், பேராசிரியர் பட்டத்தின் எடையோடு, காலவரிசையும் பகுப்பாய்வும் பரிந்துரையும் உள்ள ஆய்வறிக்கை வடிவத்தில், ஒரு தரப்பின் மனு வெளியே வந்தது. மனு எழுதுவது தப்பில்லை. வக்கீல் மனு எழுதுகிறார், கட்சிக்காரர் எழுதுகிறார். ஆனால் ஆய்வறிக்கையின் சட்டையைப் போட்டுக்கொண்டு மனு வரும்போது, படிக்கிற சம்பிட் பள்ளி ஆசிரியருக்கு அது மனு என்று தெரியாது. 'புரொஃபசரே எழுதிட்டாரு' என்றுதான் போகும். அந்த ஊரில் அதை மறுத்து எழுதக்கூடிய இன்னொரு தரப்பு அப்போது கப்பலில் இருந்தது.

இங்கே ஒரு ஒப்பீடு. மேற்குக் கலிமந்தானில் ஓவாங் ஓராய் என்று ஒருவர் இருந்தார். கயான் டயாக், 1922-இல் பிறந்தவர், ஞாரும்கோப் கத்தோலிக்க செமினரியில் படித்தவர். அவருடைய டயாக் கட்சி 1955 தேர்தலில் நன்றாக வென்றது. 1960-இல் ஆளுநர். பிராந்தியக் கட்சிகளைச் சுகார்ணோ மூடவைத்தபோது இடதுசாரிச் சாய்வுள்ள பார்த்திந்தோவில் சேர்ந்தார். 1965-க்குப் பிறகு அது பெரிய கறை, 1966-இல் பதவி போனது. 1967-இல் ராணுவம் எல்லையில் சீனக் கம்யூனிஸ்டு கெரில்லாக்களை எதிர்த்துக்கொண்டிருந்தபோது, டயாக் மக்கள் கிராமப்புறச் சீனர்களைத் துரத்திய பெரும் வன்முறை வெடித்தது. ஓராய் அதில் லஸ்கர் பங்சுமா என்கிற படையின் பெயரோடு வருகிறார். டேவிட்சனும் காமனும் 2002-இல் எழுதிய கட்டுரை இதை விரிவாகச் சொல்கிறது: கறைபட்ட ஒரு தலைவர் ராணுவத்திடம் மறுபடி நல்ல பெயர் வாங்க அது வழியானது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள், பல்லாயிரம் பேர் அகதிகள். காலியான இடங்கள் சிலவற்றில் பின்னால் மதுராக்காரர்கள் குடியேறினார்கள். அவர்களோடு 1996-97-இல் அடுத்த சண்டை.

ஓராய் விஷயத்தில் வசதி என்னவென்றால், அவர் அரசியல்வாதி. அவர் பேச்சை அரசியல்வாதியின் பேச்சு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உசோப்பை வாசிப்பது அதைவிடக் கடினம். எந்தப் பக்கத்தில் பேராசிரியர் முடிகிறார், எந்தப் பக்கத்தில் வேட்பாளர் தொடங்குகிறார் என்று கோடு போட முடியவில்லை. அந்த 'டான்' இங்கேயும் வந்து நிற்கிறது.

'நீ வெளியே உட்கார்ந்துகொண்டு சொல்கிறாய், காடு போனவனுக்குத்தான் வலி தெரியும்' என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான கேள்வி. காடு போனது உண்மை, நாற்காலி போனது உண்மை. ஆனால் காட்டைப் பட்டா போட்டது ஜகார்த்தா. சதுப்பை எரித்த திட்டம் ஜகார்த்தாவுடையது. சம்பிட் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்த கூலிக்காரக் குடும்பம் அதில் கையெழுத்துப் போடவில்லை. குறைகளின் பட்டியல் மேலே பார்த்து எழுதப்பட்டது, பில் பக்கத்து வீட்டுக்குப் போனது. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதைத்தான் ஒரு நல்ல வரலாற்றாசிரியர் தன் மக்களிடம் கேட்டிருக்க வேண்டும். அந்த மாகாணத்தில் அதைக் கேட்கிற தகுதியும் செல்வாக்கும் அன்றைக்கு உசோப்பிடம் இருந்தது. அவர் கேட்டிருந்தால் காது கொடுத்திருப்பார்கள்.

2001 ஜூனில் பலங்கா ராயாவில் மத்திய கலிமந்தான் மக்கள் மாநாடு நடந்தது. மதுராக்காரர்கள் திரும்பி வருவதற்கு நிபந்தனைகள் பேசப்பட்டன. 2004-இல் சம்பிட் இருக்கிற கிழக்குக் கோத்தவாரிங்கின் மாவட்டம் அதற்கென்றே ஒரு விதிமுறை போட்டது. 2005-இல் மக்களே நேரடியாக ஆளுநரைத் தேர்ந்தெடுத்தார்கள், பி.டி.ஐ.-பி.யின் தெராஸ் நாராங் என்கிற டயாக் தலைவர் வென்றார். சம்பிட்டில் இப்போது ஒரு சமாதானத் தூண் நிற்கிறது.

அடுத்து நான் தேடிக்கொண்டிருப்பது மறுபக்கத்து டைம்லைன். ஓடியவர்களில் நிறையப் பேர் மதுரா தீவில் சம்பாங் பக்கம் போய் இறங்கினார்கள். அவர்களில் பல பிள்ளைகள் கலிமந்தானில் பிறந்தவர்கள், அந்தத் தீவை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. 'சொந்த ஊருக்குத் திரும்பினார்கள்' என்று அரசுக் கணக்கில் எழுதப்பட்ட அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, முப்பத்தைந்து வயசு இருக்கும். அவர்களில் யாராவது எழுதியிருந்தால், முதல் வரி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.